முழங்கால் கிழிந்த கால்பந்து வீரருக்கு இரண்டாவது ஆண்டுதான் கணக்கு

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லீக் ஆட்டம் நடத்துவது நெடுநாள் வழக்கம். 1962 டிசம்பர் 26 அன்று ரோக்கர் பார்க் மைதானத்தில் சண்டர்லாந்துக்கும் பெரி அணிக்கும் ஆட்டம். சண்டர்லாந்தின் முன்கள வீரர் பிரையன் கிளஃப் பந்தைத் துரத்திப் போனபோது எதிரணிக் கோல்கீப்பரோடு மோதி விழுந்தார். முழங்காலின் சிலுவைத் தசைநாரும் உட்பக்கத் தசைநாரும் கிழிந்துபோயின. அவருக்கு அப்போது 27 வயது. கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் கழித்து, 1964ல், மூன்று ஆட்டங்களில் இறங்கிப் பார்த்தார். ஒரு கோலும் அடித்தார். ஆனால் கால் ஒத்துழைக்கவில்லை. 274 லீக் ஆட்டங்களில் 251 கோல் என்ற கணக்கோடு 29 வயதில் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துபோனது.

சரியாக 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 1992 டிசம்பர் 26. பிளாக்பர்ன் ரோவர்ஸின் ஆலன் ஷீரர் லீட்ஸ் யுனைடெட்டுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்காலின் முன்பக்கச் சிலுவைத் தசைநாரை, சுருக்கமாக ஏசிஎல்லை, கிழித்துக்கொண்டார். அந்த சீசனில் அதுவரை 21 லீக் ஆட்டங்களில் 16 கோல் அடித்திருந்தார். மிச்ச சீசன் முழுக்க வெளியே. அடுத்த சீசனில் 40 ஆட்டங்களில் 31 கோல். அதற்கடுத்த சீசனில் 34 கோல், கூடவே பிளாக்பர்னுக்கு லீக் பட்டம்.

இந்த 30 ஆண்டுகளுக்குள் அறுவை சிகிச்சை அடியோடு மாறியிருந்தது. மூட்டைப் பெரிதாகத் திறக்காமல் சிறு துளைகள் வழியே கேமராவை விட்டுப் பார்த்துச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி வந்துவிட்டது. கிழிந்த நாரைத் தைத்துப் பார்ப்பதை விட்டு, உடம்பின் வேறிடத்திலிருந்து எடுத்த தசைநாணைப் புது நாராகப் பொருத்தும் முறை நிலைபெற்றது. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் காலை அசையாமல் வைத்திருந்த காலம் போய், அறுவை முடிந்த மறுநாளே காலை நீட்டி மடக்கச் சொல்லும் காலம் வந்தது. கிளஃப் காலத்தில் தொழிலையே முடித்த காயம், இன்று ‘ஒன்பது மாதம் வெளியே’ என்று ஒரு வரிச் செய்தியாகிவிட்டது.

அந்த ஒற்றை வரியில்தான் எனக்குச் சிக்கல் இருக்கிறது. ஒன்பது மாதம் என்பது வீரர் மறுபடி புல்தரையில் கால் வைக்கும் நாள். பழைய ஆட்டக்காரராக அவர் ஆடும் நாள் வேறு. பெரும்பாலும் அது இரண்டாவது ஆண்டில்தான் வருகிறது. முதல் நாளை நாம் கொண்டாடுகிறோம். அதற்குப் பின் வரும் மங்கலான மாதங்களில், “ஆள் முடிஞ்சுட்டார்” என்று எழுதிவிடுகிறோம்.

முதலில் மூட்டுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பையும் மூட்டின் நடுவே குறுக்காகக் கட்டியிருக்கும் நார். நீளம் மூன்று சென்டிமீட்டர் சுமார். கீழெலும்பு முன்னால் நழுவாமலும், திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் காப்பது அதன் வேலை. நேராக ஓடுகிறவருக்கு அது இல்லாமலும் சமாளித்துவிட முடியும். வேகத்தை அடக்கி, ஒரு காலை ஊன்றி, உடம்பைச் சட்டென்று திருப்பி, எதிராளியை விட்டு விலகுகிற விளையாட்டுக்கு அது இல்லாமல் ஆகாது.

முரட்டுத்தனமாக யாராவது காலை வாரிவிட்டதால்தான் இந்தக் காயம் வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். தொழில்முறை ஆண்கள் கால்பந்தில் 39 காயங்களின் வீடியோக்களைப் பிரித்துப் பார்த்த ஸ்வீடன் ஆய்வாளர்கள், அவற்றில் 85 சதவீதம் முழங்கால் மீது நேரடி மோதல் இல்லாமலே நடந்தவை என்று கண்டார்கள். எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க ஓடிப்போய்ச் சட்டென்று திசை மாற்றுவது, பந்தை உதைத்தபின் தடுமாறி நிலைக்கு வருவது, தலையால் முட்டிவிட்டு ஒற்றைக் காலில் இறங்குவது என்று மூன்று சூழல்கள் திரும்பத் திரும்ப வந்தன. பாதம் தரையில் ஊன்றியிருக்க, முழங்கால் லேசாக மடங்கி உள்பக்கம் சாய்கிறது. ‘பட்’ என்று ஏதோ அறுந்ததை வீரரே உணர்கிறார். சிலர் எழுந்து நடந்தேகூட வெளியே போய்விடுகிறார்கள். டிரஸ்ஸிங் ரூமில் மருத்துவர் முழங்காலைச் சற்று மடக்கி, ஒரு கையால் தொடையை அழுத்திப் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் பக்கத்தை முன்னே இழுத்துப் பார்ப்பார். நார் நன்றாக இருந்தால் ஓரிடத்தில் ‘டக்’கென்று நிற்கும். கிழிந்திருந்தால் நிற்கும் இடமே தெரியாமல் வழுக்கிக்கொண்டு வரும். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பே அந்தக் கைக்கு விஷயம் தெரிந்துவிடும்.

அறுவையில் வீரரின் சொந்த உடம்பிலிருந்தே நார் எடுக்கிறார்கள்: முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாணின் நடுப்பட்டை, அல்லது பின்தொடைத் தசையின் நாண், அல்லது முன்தொடைத் தசையின் நாண். எலும்புகளில் துளையிட்டு அதைக் கோத்து இறுக்குகிறார்கள். அதன் பிறகு நடப்பது நாற்று நடவு போலத்தான். பிடுங்கி நட்ட நாற்று முதலில் வெளுத்துத் தலை சாய்ந்து, அப்புறம்தான் வேர் பிடித்துப் பச்சை கட்டும். பொருத்திய நாணுக்கும் பழைய ரத்த ஓட்டம் அற்றுப்போகிறது. உள்ளிருந்த செல்கள் மடிகின்றன. புது ரத்தக்குழாய்கள் மெல்ல உள்ளே நுழைந்து, நாண் நாராக உருமாறுகிறது. பொருத்திய அன்று இருந்த வலிமை சில வாரங்களில் குறைந்து, இரண்டாம், மூன்றாம் மாதத்தில் மிகவும் பலவீனமாகி, பிறகு ஏறத் தொடங்குகிறது. முழுதாக முதிர ஒரு வருடத்துக்கும் மேலாகும்.

வீக்கம் வடிந்து, வலி அடங்கி, படியேறி இறங்கி, சைக்கிள் மிதித்து, “எனக்கு ஒன்றுமில்லை” என்று வீரர் சொல்லத் தொடங்குகிற அதே வாரங்களில்தான் நார் மிகவும் நொய்ந்திருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்டின் பாதி வேலை அந்த நாள்களில் ஆளைப் பிடித்து நிறுத்தி வைப்பதுதான்.

அவசரம் எப்படி முடியும் என்பதற்கு ரொனால்டோவை விட வலிக்கும் எடுத்துக்காட்டு இல்லை. பிரேசில்காரரான பழைய ரொனால்டோவைச் சொல்கிறேன். அவருக்குக் கிழிந்தது ஏசிஎல் அல்ல, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண். ஆனால் பாடம் ஒன்றே. 1999 நவம்பர் 21ல் இன்டர் மிலானுக்காக லெச்சே அணிக்கு எதிராக ஆடும்போது வலது முழங்காலில் அது பாதி கிழிந்தது. பாரிஸில் அறுவை நடந்தது. ஐந்து மாதம்கூட நிறையாமல், 2000 ஏப்ரல் 12ல், ரோமில் லாட்சியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியின் முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக இறக்கிவிட்டார்கள். ஆறேழு நிமிடம்தான். பந்தோடு வந்து, தனக்கே உரிய முறையில் காலைப் பந்தின் மேலே சுழற்றி டிஃபென்டரைத் தாண்டப் போனார். யாரும் தொடவில்லை. முழங்கால் மடங்கி, அப்படியே சரிந்தார். இந்த முறை தசைநாண் முழுதாக அறுந்துவிட்டது. அந்த வீடியோவில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கதறுவதை இன்றும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

2000-01 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. 2001 இலையுதிர் காலத்தில்தான் திரும்பினார். அப்போதும் ஒரு ஆட்டம் ஆடுவதும் தசைப்பிடிப்பில் உட்காருவதுமாக அந்த சீசன் ஓடியது. இத்தாலிய லீக்கில் மொத்தம் 10 ஆட்டங்கள்தான், ஆனால் 7 கோல். பிரேசில் பயிற்சியாளர் ஸ்கொலாரி அவரை நம்பி உலகக் கோப்பைக்குக் கூட்டிப் போனார். 2002 ஜூன் 30ல் யோக்கஹாமாவில் ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவை. அந்தத் தொடரில் மொத்தம் எட்டு. லாட்சியோ ஆட்டத்திலிருந்து அந்த இரவு வரை 26 மாதங்கள். முதல் முறை ஐந்து மாதத்தில் அவசரப்பட்டுக் கொடுத்த விலை அது. ஆட்டமும் மாறியிருந்தது. 20 வயதில் மூன்று பேரை வெட்டிக்கொண்டு நடுக்களத்திலிருந்தே ஓடிய ரொனால்டோ அவரல்ல. கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பெட்டிக்குள் நின்று, நேரம் பார்த்து, சுருக்கமாக அடிக்கிற ரொனால்டோ. அந்த மாற்றத்தைச் சரிவு என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. புதுக் காலுக்கு ஏற்ற புது ஆட்டத்தை அவர் கற்றுக்கொண்டார்.

சீக்கிரம் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். 35ஐத் தொடவிருந்த ரொபெர்த்தோ பாஜ்ஜோ 2002ல் பிரெஷாவுக்காக ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்து, உலகக் கோப்பைக்குப் போகும் ஆசையில் ஏறத்தாழ 80 நாள்களில் களத்துக்கு வந்து கோலும் அடித்தார். வியக்க வைக்கும் மன உறுதி. ஆனால் அவரைக் காட்டி இன்னொரு வீரரை அவசரப்படுத்துவது அநியாயம்.

அவசரத்துக்கு எதிரான கணக்கு நார்வேயிலிருந்து வந்தது. ஏசிஎல் அறுவை செய்துகொண்ட நூற்றுச் சொச்சம் பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2016ல் வெளியான ஆய்வு அது. விளையாட்டுக்குத் திரும்புவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி முழங்கால் காயப்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. திரும்புமுன் வலிமைச் சோதனைகளில் தேறியவர்களுக்கும் ஆபத்து வெகுவாகக் குறைவு. ‘ஒன்பது மாதம்’ என்ற எண் மருத்துவர்கள் வாயில் நிலைத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சோதனைகளும் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு நேர் அல்ல. வீரர் ஒரு இயந்திர நாற்காலியில் பட்டையால் கட்டப்பட்டு உட்கார்ந்து, முழு பலத்தோடு காலை உதைத்து நீட்டுகிறார். இயந்திரம் விசையைப் பதிவு செய்கிறது. பிறகு ஒற்றைக் காலில் எவ்வளவு தூரம் தாண்டுகிறார், தொடர்ந்து மூன்று முறை தாண்டினால் எவ்வளவு தூரம் என்று அளக்கிறார்கள். காயப்பட்ட கால் நல்ல காலின் 90 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்பது வழக்கமான கோடு. ஆனால் ஒன்பது மாதம் ஆடாமல் இருந்ததில் ‘நல்ல கால்’ என்று சொல்லப்படுவதும் இளைத்திருக்கிறது. இளைத்த காலோடு ஒப்பிட்டு 90 சதவீதம் என்றால் அது காயத்துக்கு முந்தைய நிலையில் எவ்வளவு? அதனால்தான் பெரிய கிளப்புகள் சீசன் தொடங்கும்போதே எல்லா வீரர்களின் கால் வலிமையையும் அளந்து வைத்துக்கொள்கின்றன. தூரத்தைவிட இறங்கும் விதம் முக்கியம் என்று பார்க்கிற பிசியோக்களும் இருக்கிறார்கள். தாண்டும் தூரம் சரியாக இருந்தும், இறங்கும்போது உடல் பாரத்தை இடுப்பிலும் கணுக்காலிலும் ஏற்றி முழங்காலைத் தப்பிக்க விடுகிற கால் இன்னும் தயாரில்லை.

இதற்கெல்லாம் பிறகு மூத்த அணிக்குள் நுழைவது படிப்படியாக நடக்கிறது. முதலில் தனியே புல்லில் ஓட்டம். பிறகு பயிற்சியில் யாரும் இடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இரு பக்கத்துக்கும் பொதுவான ஆளாக நின்று பந்து பரிமாறுவது. பிறகு முழுப் பயிற்சி. பார்வையாளர் இல்லாத பயிற்சி ஆட்டம், அல்லது இளையோர் அணியோடு 45 நிமிடம். கடைசியில் மூத்த அணி ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம். உடம்பு தேறியபின்னும் மனசு தேறாமல் இருப்பது சாதாரணம். பாதி பாதி வாய்ப்புள்ள பந்துக்குக் காலை நீட்டலாமா என்று ஒரு நொடி யோசித்தால்கூட மேல்மட்டத்தில் அந்தப் பந்து போய்விடும். அந்தப் பயத்தை அளக்கவே தனிக் கேள்வித்தாள் வைத்திருக்கிறார்கள். அதில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர் ஆட்டத்துக்குத் திரும்பும் வாய்ப்பும் குறைவு என்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

காத்திருந்து திரும்பியதற்கு விர்ஜில் வான் டைக் நல்ல எடுத்துக்காட்டு. 2020 அக்டோபர் 17ல் எவர்டன் மைதானத்தில், ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கோல்கீப்பர் ஜோர்டன் பிக்ஃபோர்டு மோதியதில் லிவர்பூலின் வான் டைக்குக்கு முழங்கால் நார் கிழிந்தது. அடுத்த கோடையில் யூரோ கோப்பை. நெதர்லாந்தின் கேப்டன் அவர், ஏறக்குறைய ஏழு மாதம் ஆகியிருந்தது, ஆசைப்பட்டிருந்தால் போயிருக்கலாம். வரவில்லை என்று அவரே 2021 மே மாதம் அறிவித்தார். ஜூலை இறுதியில் நட்புறவு ஆட்டம், ஆகஸ்ட் 14ல் நார்விச்சுக்கு எதிராக லீக் ஆட்டம். அந்த சீசனில் 38 லீக் ஆட்டங்களில் 34ல் ஆடினார். லிவர்பூல் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளை வென்று, லீக் பட்டத்தை ஒரே புள்ளியில் தவறவிட்டது. விட்டுக்கொடுத்த அந்த யூரோதான் அந்த சீசனை அவருக்குக் கொடுத்தது என்றே நான் நினைக்கிறேன்.

கொலம்பிய முன்கள வீரர் ரடமெல் ஃபால்காவோவின் கதை வேறு. 2014 ஜனவரி 22ல் மொனாக்கோ அணிக்காகப் பிரெஞ்சுக் கோப்பை ஆட்டம் ஒன்றில் முழங்கால் கிழிந்தது. ஐந்து மாதத்தில் உலகக் கோப்பை. கொலம்பியாவே அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அணியில் இடம் கிடைக்கவில்லை. அடுத்து மான்செஸ்டர் யுனைடெட்டில் ஒரு சீசனில் நான்கே லீக் கோல். அதற்கடுத்து செல்சியில் ஒன்றே ஒன்று. எல்லோரும் கைவிட்டார்கள். 2016-17ல் மொனாக்கோவுக்கே திரும்பி 21 லீக் கோல் அடித்து, கேப்டனாக லீக் பட்டம் வென்றார். 2018 உலகக் கோப்பையில் போலந்துக்கு எதிராகக் கோல் அடித்தபோது அவருக்கு 32 வயது. அவருக்கு இரண்டாவது ஆண்டுகூடப் போதவில்லை, மூன்று ஆனது. இடையில் அவரை எடைபோட்டவர்கள் பார்த்தது பாதி ஆறிய காலை.

ஐரோப்பாவின் முன்னணி ஆண்கள் கிளப்புகளில் 15 ஆண்டுகள் நடந்த கணக்கெடுப்பு இதைப் பெரிய அளவில் காட்டுகிறது. ஏசிஎல் அறுவைக்குப் பின் வீரர்கள் முதல் ஆட்டத்துக்குத் திரும்ப எடுத்துக்கொண்டது நடுத்தரமாக 7.4 மாதம். ஏறத்தாழ எல்லோரும் ஒரு ஆண்டுக்குள் திரும்பிவிட்டார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் 86 சதவீதம் பேர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே மேல்மட்டத்தில் ஆடியவர்கள் 65 சதவீதம்தான். மூவரில் ஒருவர் அந்த மூன்று ஆண்டுகளுக்குள் கீழே இறங்கிவிட்டார், அல்லது ஆட்டத்தையே விட்டுவிட்டார். இவர்கள் உலகின் சிறந்த மருத்துவம் கிடைத்தவர்கள். எல்லா வகை விளையாட்டுக்காரர்களையும் சேர்த்துப் பார்த்த இன்னொரு பெரிய தொகுப்பாய்வில், போட்டி விளையாட்டுக்குத் திரும்பியவர்களே 55 சதவீதம்தான். இருவருக்கும் அறுவை ஏறத்தாழ ஒன்றே. தினமும் காலை முதல் மாலை வரை கூடவே இருக்கும் பிசியோவும், ஆடாத மாதத்துக்கும் வரும் சம்பளமும் சாதாரண வீரருக்கு இல்லை. கல்லூரி அணியில் ஆடி முழங்காலைக் கிழித்துக்கொண்டவர் அறுவைக்குப் பணம் புரட்டிவிடுவார். பிறகு வரும் எட்டு மாதப் பயிற்சிக்குத்தான் ஆளும் இடமும் இருக்காது.

திரும்பிய பிறகும் மறு முழங்கால் இருக்கிறது. ரியல் மாட்ரிட்டின் எடெர் மிலித்தாவுக்கு 2023 ஆகஸ்டில் இடது ஏசிஎல் கிழிந்தது. 2024 மார்ச் இறுதியில் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில் வலது ஏசிஎல், மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புகளான மெனிஸ்கஸ்களோடு சேர்ந்து கிழிந்தது. ஒரு முழங்காலில் அறுவை செய்தவருக்கு மறு முழங்காலுக்கும் ஆபத்து கூடுதல் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். பாரத்தைத் தன்னையறியாமல் நல்ல காலுக்கு மாற்றுவது அதற்கு ஒரு காரணம்.

பெண்கள் கால்பந்தில் இது இன்னும் கடுமை. ஒரே அளவு ஆட்ட நேரத்துக்குப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது ஆண்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இடுப்பு அமைப்பு, ஹார்மோன் என்று உடலுக்குள் மட்டுமே காரணம் தேடியது நெடுங்காலம். ஆண் பாதத்துக்காகச் செய்த பூட்ஸ், மோசமான தரை, போதாத பிசியோக்கள், ஓய்வில்லாத ஆட்ட அட்டவணை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும் என்று வீராங்கனைகளே குரல் கொடுத்தார்கள். அதன் விளைவாக 2024ல் உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ, இங்கிலாந்து வீரர்கள் சங்கம், நைக்கி, லீட்ஸ் பெக்கெட் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்து ‘புராஜெக்ட் ஏசிஎல்’ என்ற மூன்றாண்டு ஆய்வைத் தொடங்கின. பூட்ஸையும் அட்டவணையையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது எவ்வளவோ தாமதம், ஆனாலும் நல்ல தொடக்கம்.

ஸ்பெயினின் அலெக்சியா புத்தெய்யாஸுக்கு 2022 ஜூலை 5ல், யூரோ தொடங்குவதற்கு முந்தைய நாள், பயிற்சியில் இடது ஏசிஎல் கிழிந்தது. உலகின் சிறந்த வீராங்கனை விருது கையில் இருந்த நேரம். 2023 ஏப்ரல் இறுதியில் திரும்பினார். அந்த ஆகஸ்டில் ஸ்பெயின் உலகக் கோப்பை வென்றது. தொடர் முழுக்க அவர் பழைய அலெக்சியாவாக இல்லை, இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில்தான் இறங்கினார். டிசம்பரில் அதே முழங்காலில் இன்னொரு சிறு அறுவை. 2024 மே மாதம் பில்பாவோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மாற்று ஆட்டக்காரராக வந்து லியோனுக்கு எதிராக பார்சிலோனாவின் இரண்டாவது கோலை அடித்தார். காயப்பட்டு 22 மாதம் ஆகியிருந்தது.

லண்டனில் ஆர்சனல் மகளிர் அணிக்கு 2022-23 சீசனில் வந்தது பெரும் சோதனை. நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியன் மியடெமா, ஏப்ரலில் இங்கிலாந்து அணியின் கேப்டனான லியா வில்லியம்சன், மே முதல் தேதி லாரா வீன்ராய்தர். ஒரே சீசனில் ஒரே அணியில் நான்கு ஏசிஎல். மீட், வில்லியம்சன், மியடெமா மூவருமே 2023 உலகக் கோப்பையில் ஆட முடியவில்லை. மீட்டும் மியடெமாவும் 2023 அக்டோபரில் திரும்பினார்கள், வில்லியம்சன் 2024 ஜனவரியில். அந்த சீசனில் மூவரும் தயங்கித் தயங்கித்தான் ஆடினார்கள்.

2025 மே 24ல் லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஆர்சனல் பார்சிலோனாவை 1-0 என்று வென்றது. பின்களத்தில் வில்லியம்சன் நின்றார். இரண்டாம் பாதியில் இறங்கிய மீட் தள்ளிக் கொடுத்த பந்தில்தான் அந்த ஒரே கோல் விழுந்தது. இரண்டு மாதம் கழித்து பாசலில் இங்கிலாந்து யூரோவை வென்றபோது கோப்பையை வாங்கியவர் கேப்டன் வில்லியம்சன்.

மியடெமாவின் முழங்கால் அவ்வளவு எளிதாக விடவில்லை. 2024ல் மான்செஸ்டர் சிட்டிக்கு மாறினார்; அக்டோபரில் மறுபடி அறுவை. 2025 ஜூலையில் யூரோவில் வேல்ஸுக்கு எதிராக அவர் அடித்தது நெதர்லாந்துக்காக அவருடைய 100வது கோல். முழங்கால் கிழிந்து இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.